அந்தூரியத்துக்கு ஊற்றிய தண்ணீர்

தண்ணீர்ச் செம்பும் கையுமாகச் செடியின் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால் பாசம் என்பார்கள். பதுளை டவுனில் பூச்செடியும் சாடியும் விற்கிற ஒரு கடையில் வருடக்கணக்காக நிற்கிறேன். வாடிப்போன செடியைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசற்படி ஏறும்போதே சொல்லிக்கொண்டு வருவது ஒன்றுதான்: "நாங்க ஒரு நாள் விடாம தண்ணி ஊத்துறோமே!" ஊற்றுகிறீர்கள், அது எனக்குச் சாடியைத் தூக்கும்போதே தெரிகிறது. செங்கல் மாதிரிக் கனக்கிறது.

ஒரு தடவை ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர், வெள்ளைப் பூப் பூக்கிற பீஸ் லில்லியைக் கொண்டுவந்தார். கீழ் இலைகள் மஞ்சள், மேல் இலைகள் தொங்கல், மண்ணுக்கு மேலே பொடிப் பூச்சி பறக்கிறது. விரலை உள்ளே விட்டேன். சேறு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் அடைத்த சாக்கடைக் கானின் வாடை. செடியைக் கவிழ்த்து வெளியே எடுத்து ஒரு வேரைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். தோல் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாக, கடித்தால் மொறுக்கென்று உடைகிற மாதிரி இருக்கும். இதுவோ பழைய சாயத்தேயிலைச் சக்கை.

"மிஸ், இது தாகத்துல வாடல. தண்ணிக்குள்ள நின்னு வாடுது."

"தண்ணிக்குள்ள நிக்கிறது எப்படிம்மா வாடும்?"

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன்! வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும், அதிலே காற்று இருக்கும். நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் போகாமல் நின்றுவிட்டால் அந்தக் காற்றின் இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வேர் மூச்சுமுட்டிச் செத்து, செத்த வேர் அழுகி, அழுகல் நல்ல வேருக்கும் ஏறும். அழுகின வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. அதனால்தான் இலை வாடுகிறது. வாடுவதைப் பார்த்து நீங்கள் இன்னும் ஊற்றுகிறீர்கள். இவ்வளவையும் சொன்னால் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப ஒரு நாளைக்கு ஒரு தடவை ஊத்தினா போதுமா?" என்பார்கள். எனக்குச் சாடியைத் தூக்கித் தரையில் போட வேண்டும் போலிருக்கும்.

இன்னொரு கூத்து, அடியில் ஓட்டையே இல்லாத சாடிகள். பளபளவென்று கண்ணாடி பூசி, நீலமும் பச்சையுமாகக் கொழும்பிலிருந்து வரும். கடை முதலாளி ஒரு முஸ்லிம், எங்களுக்கெல்லாம் நானா. நல்ல மனுசர், சத்தம் போடத் தெரியாதவர். அதனால் நான்தான் சத்தம் போடுவேன்.

"இதுக்கு ஓட்ட எங்க நானா?"

"ஓட்ட ஈந்தா தண்ணி ஒழுகி டைல்ஸ் கறை பிடிக்குதுன்னு செல்றாங்க தங்கச்சி. இதத்தான் கேக்குறாங்க."

"டைல்ஸ் நல்லா இருந்தா சரி, செடி செத்தா பரவால்லயா?"

"அப்பிடி இல்ல தங்கச்சி," என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் ஏறும். கடையின் பின்பக்கம் ட்ரில் ஒன்று வைத்திருக்கிறேன். சாடி வாங்குகிறவர்கள் சரியென்றால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பேன். சரியென்று சொல்லாதவர்களிடம் நான் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மகாராணியின் வீட்டில்தான், கண்ணுக்கு முன்னாலேயே ஒரு அந்தூரியம் அழுகியது. அதுவும் உலகத்தில் உள்ள எல்லாச் செடியும் செத்தாலும் அது சாகக் கூடாது என்று நான் நினைத்திருந்த செடி.

அது அக்காவின் செடி. அக்கா கல்யாணம் கட்டவில்லை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு, மேல் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா அறையில் அம்மாவோடு இருந்தாள். நானும் வீட்டுக்காரரும் அதே தோட்டத்தில் கீழ் லயத்தில் இருந்தோம். லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போனவள் அரிசியோடு சேர்த்து இந்த அந்தூரியத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு சிவப்புப் பூ. "பெரிய பங்களாக்காரின்னு நெனப்பு," என்று அம்மா திட்டினாளாம். அங்கே பக்கத்து வீட்டுக் கோழிகள் மண்ணைக் கிண்டிக் கிண்டி வேரை வெளியே எடுத்துவிட்டன. ஒருநாள் சாயந்தரம் பால்மா டின்னோடு அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்டி. கோழி வராம ஒரு வேலி அடிச்சதும் வந்து தூக்கிட்டுப் போயிருவேன். பூவ மட்டும் பிச்சிராத."

அவள் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, அடைமழை பெய்த ஒரு காலையில் மலை இறங்கியது. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் பிரஷர் கிளினிக்குக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். லயத்தின் கடைசி நாலு காம்பராவையும் மண் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டது. உள்ளே அகப்பட்ட மற்ற மூன்று பேரையும் தோண்டி எடுத்தார்கள். அக்காவை எடுக்க முடியவில்லை. மேலே இன்னும் மண் நகர்கிறது, இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று சொல்லி மிஷினைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் மழையால் வந்த வினை என்று சொன்னார்கள். மழையாம்! அந்த மலையில் எங்கள் அப்பா காலத்திலும்தான் மழை பெய்தது. அப்போதெல்லாம் தேயிலை வரிசைக்குக் குறுக்கே கான் இருக்கும். மேலேயிருந்து வருகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் கானோடு போய் ஆற்றில் விழும். கான் வெட்டவும் மண் அள்ளவும் என்றே காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் ஆள் பிரிப்பார்கள். பிறகு அந்த வேலைக்கு ஆள் போடுவதை நிறுத்தினார்கள். கொழுந்துக்குத்தான் ஆள் வேண்டுமாம். கான் தூர்ந்து, புல் முளைத்து, கடைசியில் கான் இருந்த இடமே தெரியவில்லை. அக்காவே எத்தனை தடவை சொன்னாள், வீட்டுக்குப் பின்னால் மண் சொதசொதவென்று இருக்கிறது, காலை வைத்தால் உள்ளே போகிறது என்று. தோட்டத்தை நடத்துகிற தொரைக்குச் சொன்னார்கள், பார்ப்போம் என்றாராம். நன்றாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ரோட்டோரமாகப் புதுக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார், நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அக்காவின் துணி இல்லை, படம் இல்லை, அடையாள அட்டைகூட இல்லை. எல்லாம் மண்ணோடு போனது. மிச்சம் இருந்தது என் வாசலில் இருந்த பால்மா டின்னும் அந்தூரியமும்தான். நானாவிடம் நல்ல சாடி ஒன்று கேட்டு வாங்கி, என் கையாலேயே அடியில் மூன்று ஓட்டை போட்டு, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் செங்கல் சில்லும் கலந்து நட்டு, முன்வாசலில் வெயில் படாத இடமாக வைத்தேன். நாலு வருடம் ராணி மாதிரி இருந்தது.

அம்மா கருமாதி செய்ய விடவில்லை. பதினாறாம் நாள் வந்தது, சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்தது, அம்மா ஒரே பிடிவாதம். "உடம்பக் கண்ணுல காட்டாம என்னா கருமாதி? யாருக்குக் கருமாதி?" என்றாள். எங்களில் ஒருவர் செத்தால் கருமாதி முடியும்வரை விளக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைப்பார்கள், போன உயிர் தாகத்தோடு அலையக் கூடாது என்று. கருமாதியே நடக்காததால் அந்தத் தண்ணீரும் நிற்கவில்லை. தினமும் செம்பை விளக்கி, புதுத் தண்ணீர் பிடித்து வைப்பாள். நானும் கண்டுகொள்வதில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்கியதும் செடியின் கீழ் இலை மஞ்சளானது. வயதான இலை, போகட்டும் என்றேன். அடுத்த இலையும் மஞ்சளானது. பூத்தண்டு கழுத்து ஒடிந்த மாதிரி தொங்கியது. விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம். நான் ஊற்றி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. எப்படி ஈரம்?

"அம்மா, செடிக்கு நீ தண்ணி ஊத்துறியா?"

"நான் ஏன்டி ஊத்துறேன்? நீதான் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டியே."

"சத்தியமா?"

"செடிக்கு ஒரு சொட்டு ஊத்தல. போதுமா?"

நம்பினேன். நம்பிவிட்டு ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டுப் பொம்பளை தன் செடிகளுக்கு ஹோஸ் பிடிக்கும்போது இந்தப் பக்கமும் அடிக்கிறாள் என்று முடிவு கட்டி, வேலி ஓரமாகப் போய்க் கத்திவிட்டு வந்தேன். பாவம், அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். அடுத்து நானாவிடம் போய், நீங்கள் கொடுத்த மட்டைத் துண்டு பழசு, அதுதான் உக்கித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே ஏசினேன். "நாலு வருசத்துக்கு முந்தி குடுத்ததுக்கு இப்ப ஏசுறீங்களே தங்கச்சி," என்றார். அதற்கும் கோபம் வந்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி.

வேறு யாருடைய செடியாவது என்றால் அன்றைக்கே கவிழ்த்து வேரைப் பார்த்திருப்பேன். வேரழுகலுக்கு முதல் வைத்தியமே அதுதான், மேலே நின்று இலையை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தச் செடியைக் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்வது? ஒரு தடவை சாடியைத் தூக்கப் போனபோது அம்மாவும், "அதப் புடுங்காதடி!" என்று ஒரு கத்துக் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று நாளைக் கடத்தினேன். கடையில் அடுத்தவர்களை ஏசுகிற அத்தனை ஏச்சையும் எனக்கே ஏச வேண்டும்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. பஸ் ஏறி அரைவாசித் தூரம் போனதும் பாதையில் மண் விழுந்திருக்கிறது, போக முடியாது என்று இறக்கிவிட்டார்கள். நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் அம்மா குந்தியிருந்தாள். கையில் விளக்குப் பக்கத்துச் செம்பு. மெதுவாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், அந்தூரியத்தின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்னா செய்ற நீ?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். செம்பை மறைக்கப் பார்த்தாள்.

"செடிக்கு ஊத்தலன்னு சத்தியம் பண்ணுனியே! பொய்யா சொன்ன?"

"செடிக்கு ஊத்தலடி."

"பின்ன இது என்னா? என் கண்ணு என்னா குருடா?"

"புள்ளைக்கு ஊத்துறேன்," என்றாள். "வேற எங்க ஊத்தச் சொல்ற? அவ கெடக்குற எடம் தெரியுமா எனக்கு? தாகமா கெடப்பாள்ல. வாயெல்லாம் மண்ணு."

நான் கேட்கிற நிலையில் இல்லை. நனைந்த குடையை எறிந்துவிட்டு சாடியைத் தூக்கினேன். தூக்க முடியாத கனம். கவிழ்த்தேன். மட்டையும் கரியும் ஒரே கட்டியாக, குப்பென்ற நாற்றத்தோடு தரையில் விழுந்தது. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். நான் போட்ட மூன்று ஓட்டையிலும் பழைய துணி முறுக்கி முறுக்கிச் சொருகியிருந்தது.

"ஓட்டைய யாரு அடச்சது?"

"நான்தான் அடச்சேன். ரெண்டு மாசமாச்சு. ஊத்துறதெல்லாம் கீழ ஓடிப்போயிருது. அவளுக்கு ஒரு வாய் நிக்க மாட்டேங்குது."

"ஐயோ! ஒனக்கு எப்பிடிச் சொல்லுவேன்!" என் தொண்டை கிழிகிற மாதிரிக் கத்தினேன். "கான அடச்சதுக்கு ஒரு மலையே நிக்கல, இந்தச் சாடி நிக்குமா? தாகமே இல்லம்மா இதுக்கு! ஒரு சொட்டுத் தாகம் இல்ல! மூச்சு முட்டிச் சாகுது, மூச்சு முட்டி!"

கடையில் தினமும் சொல்கிற அதே பேச்சுத்தான். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். செம்பை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய உதடு ஏதோ கணக்குப் பார்க்கிற மாதிரி அசைந்தது.

"அப்ப," என்றாள், "அவளுக்கும் தாகம் எடுத்திருக்காதா?"

என் கை வேலையைப் பிடித்துக்கொண்டது. குழாயடியில் வேரைக் கழுவினேன். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டித் துடைத்து, கறுப்பாய், கொழகொழவென்று இருந்ததையெல்லாம் வெட்டினேன். வெள்ளை தெரிகிற இடம்வரைக்கும் வெட்ட வேண்டும், இரக்கப்பட்டு அரை அழுகலை விட்டால் மிச்சமும் போய்விடும். வெட்டி வெட்டிக் கடைசியில் மூன்று வேர் நின்றது, அதிலும் ஒன்று பாதி. வெட்டுவாயில் கறுவாத்தூள் தடவினேன். பெரிய சாடி இனி ஆகாது, வேர் குறைந்தால் வீடும் குறைய வேண்டும். அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அக்கா கொடுத்த அதே டின், துருப்பிடித்து, அவள் ஆணியால் குத்திய ஓட்டைகளோடு. அம்மா இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாள் என்றே எனக்குத் தெரியாது. புது மட்டைத் துண்டும் கரியும் போட்டு நட்டேன். நாலைந்து நாளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, உரம் வாசமே ஆகாது, பிறகும் விரல் இரண்டு கணு உள்ளே போய் ஈரம் தெரியாமல் இருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். செடி பிழைத்தது. ஒன்றரை மாதம் கழித்து நகம் அளவுக்கு ஒரு இலை விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இலையைப் பற்றி அல்ல.

வெட்டிப் போட்ட அழுகல் வேர்களை அம்மா கையில் எடுத்துப் பார்த்தாள். ஒன்றை இரண்டு விரலால் இழுத்தாள். தோல் கழன்றது.

"மூச்சு முட்டுனா," என்று கேட்டாள், "ரொம்ப நேரம் கெடக்குமாடி?"

எனக்குத் தெரியும். யாரும் என்னைவிட நன்றாக இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே நாளில் சாகாது. முதலில் நுனி போகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். மேலே இலை பச்சையாக நிற்கும்போதே கீழே அது தவித்துக்கொண்டிருக்கும், நாள்கணக்காக, வாரக்கணக்காக. டீச்சர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நானாவிடம் சொல்லியிருக்கிறேன், பொய் சொல்லி யாருக்கும் செடி விற்றதில்லை.

"இல்லம்மா," என்றேன். "ஒடனே போயிரும். ஒண்ணுமே தெரியாது அதுக்கு. தூங்குற மாதிரித்தான்."

என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மழை ஓய்வதாக இல்லை. கூரையிலிருந்து விழுகிற தண்ணீர், நான் வீட்டைச் சுற்றி வெட்டி வைத்திருக்கிற கானில் ஓடிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல்னு படுத்திருந்தா," என்றாள் அம்மா. "தூங்கித்தான் இருப்பா."

செம்பில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, அவளே குடித்தாள்.